பெட்டியைத் திறக்கமுன் வாசிக்கவும்

டோட்முண்ட்,
கார்த்திகை.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை நேற்றிரவும் வாட்ஸ்அப்பில் கண்டேன். ஆகவே 'நலமறிய ஆவல்' என்று எழுதினால் சிரிப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் பெட்டியின் மேல்தட்டில் செலோரேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். முழுதும் வாசித்து முடியுமட்டும் பெட்டிக்குள் கை போகக்கூடாது. கத்தரிக்கோலை அத்தானிடம் கொடுத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன பெட்டிக்கு நடந்தது எனக்குத் தெரியும். சின்னவள் வீடியோவில் காட்டிவிட்டாள். பாயை விரித்து, எல்லாவற்றையும் கொட்டி, வீட்டுக்கு ஒரு கும்பமாகப் பிரித்து, கும்பத்துக்கு ஒரு சவர்க்காரம், ஒரு பற்பசை, அரைப் பக்கெற் பாதாம் என்று வைத்துக்கொண்டே போனீர்கள். யாருக்கு எது என்று நான் ஒட்டி அனுப்பிய பெயர்த்துண்டுகளைச் சின்னவள் கொப்பியில் ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தானுக்கென்று எடுத்த சேவிங் கிரீம் பக்கத்து வீட்டு ஆச்சியின் கும்பத்தில் போய்விட்டது. ஆச்சி அதை முழங்காலில் பூசிப்போட்டு, "ஜேர்மன் மருந்து நல்லாய்க் கேக்குது தம்பி" என்று எனக்கே நன்றி சொன்னா. ஒருவருக்குக் கூடி ஒருவருக்குக் குறையக்கூடாது என்பது உங்கள் நீதி. சங்கக்கடையில் கூப்பனுக்குச் சீனி நிறுத்த காலத்து நீதி அது. சீனிக்குச் சரி. அன்பளிப்பை நிறுத்துக் கொடுக்கமுடியாது அக்கா. இந்தமுறை பங்கு பிரிப்புக்கு நான் விடப்போவதில்லை.

இங்கே அன்பளிப்புக் கொடுப்பது ஒரு தனிச் சாத்திரம். பஞ்சாங்கம் ஒன்றுதான் இல்லை, மற்ற விதி எல்லாம் இருக்கிறது. பூக்கொத்துக் கொண்டுபோனால் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். சுற்றிவந்த கடதாசியை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் கையில் கொடுக்கவேண்டும். வெள்ளைச் செவ்வந்தி ஆகாது. நவம்பர் முதலாந் திகதி கல்லறைகளில் கொண்டுபோய் வைக்கிற பூ அது. பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முந்திச் சொன்னால் பெரிய அபசகுனம். என் மனைவியின் தம்பி வந்த புதிதில் தன் முதலாளியம்மாவின் பிறந்தநாளுக்கு நல்ல வடிவான வெள்ளைச் செவ்வந்தியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போனான். அதுவும் முதல்நாளே போனான். உயிரோடிருக்கிற மனுசிக்கு, பிறக்காத நாளில், கல்லறைப் பூ. அந்த அம்மா தங்கமான மனுசி. சிரித்துக்கொண்டே வாங்கி யன்னலில் வைத்தாவாம். வேலையும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் பூட்டு. திறந்திருப்பது பெரும்பாலும் பெற்றோல் செட்தான். அங்கே எண்ணெய்ப் போத்தலுக்கும் கார் வாசனைக் கட்டிக்கும் நடுவில் ஒரு வாளிக்குள் பூக்கொத்து நிற்கும். ஞாயிறு மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆம்பிளையைக் கண்டால், பெண்சாதியின் பிறந்தநாளை மறந்தவன் என்று தெருவுக்கே விளங்கும்.

வேலைத்தளத்தில் பிறந்தநாள்காரன்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுவரவேண்டும். மற்ற நாட்டுக்காரர் இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புதினமாகப் படவில்லை. ரொபிப் பேணியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகத் திரிந்தவர்கள்தானே நாங்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றும் அப்படித்தான். பால் காய்ச்சமுன் உப்பையும் மஞ்சளையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்தால், கீழ்வீட்டுக் கிழவி பாணும் உப்பும் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறா. புதுவீட்டுக்கு அதுதான் இவர்களுடைய முறை. அம்மாதான் ரெலிபோனில் சொல்லி அனுப்பினாவோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த உப்பு முடிய ஒரு வருசம் சென்றது.

பிள்ளைகளுடைய காரியம் இன்னும் பகிடி. டிசம்பர் ஐந்தாந் திகதி இரவு சப்பாத்தை வாசலில் வைத்துவிட்டுப் படுத்தால், ஆறாந் திகதி விடிய நிக்கொலாஸ் அதற்குள் இனிப்புப் போட்டிருப்பார். நத்தாருக்கு என்ன வேண்டும் என்று கடிதம் எழுதவேண்டும். எங்கள் மாநிலத்தில் எங்கல்ஸ்கிர்ஷன் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு தபாற்கந்தோர் இருக்கிறது. பிள்ளைகள் குழந்தை யேசுவுக்கு எழுதிப் போடுகிறார்கள், பதிலும் வருகிறது. நாங்கள் சைவம் என்று சொன்னால் மகன் கேட்பதாயில்லை. "பதில் வருதே அப்பா" என்கிறான். எங்கள் ஊர்க் கோணேசருக்கும் ஒரு தபாற்பெட்டி வைத்திருக்கலாம். அவன் எழுதியதை ஒளித்து வாசித்தேன். முதலாவது நாய்க்குட்டி. அது இல்லாவிட்டால் அப்பம்மா. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள், இரண்டாம் இடம் என்று கோபிப்பா.

கொடுத்ததைக் கொடுத்தவருக்கு முன்னாலேயே கடதாசி கிழித்துப் பார்ப்பது இங்கே மரியாதை. பிடிக்கவில்லையா, அதற்கும் வழி இருக்கிறது. விலை போடாத மாற்றுச்சீட்டைக் கடைக்காரன் உள்ளேயே வைத்துத் தருவான். நத்தாருக்கு 25, 26 இரண்டு நாளும் லீவு. 27ஆம் திகதி கடை திறந்தால், அன்போடு கொடுத்தது பாதி வரிசையில் நிற்கும்.

எங்கள் ஊரில் மாற்றுச்சீட்டு இல்லை, அலுமாரி இருக்கிறது. உங்கள் கலியாணத்துக்கு வந்த மயில் படம் போட்ட சுவர் மணிக்கூடு ஞாபகமா? அம்மா அதைத் திரும்பச் சுற்றி உப்புவெளியில் ஒரு சாமத்தியவீட்டுக்குக் கொடுத்தா. அவர்கள் சீனன்குடாவில் ஒரு வீடு குடிபூரலுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து நிலாவெளிக் கலியாணம் ஒன்றுக்குப் போனது. பிறகு யார் யார் கையில் என்று கோணேசருக்குத்தான் வெளிச்சம். கடைசியில் என் பயணத்துக்கு முன் வைத்த விருந்தில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் அம்மாவின் கையெழுத்தில் 'அன்பளிப்பு' என்ற துண்டு அப்படியே கிடந்தது. பற்றரிகூட ஒருவரும் போடவில்லை. மாவட்டம் முழுக்க ஓடிய மணிக்கூடு ஒரு நாளும் ஓடவில்லை. யாருக்கும் பொருந்தும் என்று வாங்கிய சாமானுக்கு இதுதான் கதி.

வெளிநாட்டுக்காரர் நாங்கள் அனுப்புவதும் முக்கால்வாசி அந்த மணிக்கூடுதான். சொக்லேட்டை எடுங்கள். கப்பலில் கிடந்து, கொழும்பில் கிடந்து, வந்து சேரும்போது கச்சான் காற்று வீசுகிற காலமாயிருந்தால் முழுப் பக்கெற்றும் ஒரே கட்டி. அதை அம்மிக்குழவியால் உடைத்து நீங்கள் பங்கிட்டதையும் சின்னவள் காட்டினாள். மாமி வீட்டுப் பெடியன் திருகோணமலைக்குப் பனிக்கால யக்கற் அனுப்பினானே, அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அந்த வெக்கைக்குள் மாமா அதைப் போட்டுப் பார்த்து, வியர்த்து, கழற்றி, கொழுக்கியில் மாட்டினார். நுவரெலியாவுக்குப் போகிற எவரும் மாமாவிடம் வந்து இரவல் வாங்கிப்போக, கடைசியில் முழுத் தெருவும் அதைப் போட்டுப் படம் எடுத்துவிட்டது. மாமா மட்டும் இன்னும் நுவரெலியா பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு உருப்படியாக வந்த வெளிநாட்டு அன்பளிப்பு என்றால் தாத்தாவின் பிஸ்கற் பேணிதான். டொக்யாட்டில் தாத்தா வேலை செய்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி நத்தாருக்குக் கொடுத்தது. 1957இல் இங்கிலீசுக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனான். பிஸ்கற் அதற்கு முந்தியே முடிந்திருக்கும். பேணி நின்றது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான். எத்தனை இடம்பெயர்விலும் அம்மா முதலில் தூக்கியது அதைத்தான். அது அந்தத் துரை யோசித்துக் கொடுத்ததில்லை, தற்செயல். யோசித்துக் கொடுக்கிற வித்தை எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். கிண்ணியாவில் இருந்து வந்து குடியிருந்த நானா வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். பெருநாளுக்கு வட்டிலப்பத்தோடு வரும். அம்மா அதைக் கழுவி வைத்திருந்து, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பயத்தம் பணியாரத்தோடு திருப்பி அனுப்புவா. வெறுந்தட்டு ஒரு நாளும் வேலியைத் தாண்டவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த அடுத்த பெருநாளே வட்டிலப்பத்துக்குப் பதிலாகத் தயிர்ச்சட்டி வந்து இறங்கியது. யாரும் சொல்லவில்லை. நானாவின் மனுசி, அம்மா தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடிப்பதை ஒருமுறை கண்டிருக்கிறா. அவ்வளவுதான்.

ஆகவே நானும் வாட்ஸ்அப்பில் உங்களோடு கதைத்துக்கொண்டே பின்னால் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப் பெட்டிக்கு வருவோம். ஒவ்வொன்றும் தனிப் பையில் இருக்கிறது. பெயரை இந்தமுறை துண்டில் எழுதவில்லை, பையிலேயே அழியாத மையால் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு லைற் பூட்டிய பூதக்கண்ணாடி. போன ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு நாள் பார்க்கிறன் என்று பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனா. மூக்கில் முட்டுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, பிறகு கை நீள்கிற அளவுக்குத் தள்ளிப் பிடித்து, கடைசியில் "இந்த முறை அச்சு சரியில்லை" என்று வாக்கிய பஞ்சாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு வைத்தா. திருக்கணிதம் கொடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா. கண்ணாடி என்று சொல்லாதேயுங்கள், "பஞ்சாங்கம் பார்க்கிற லைற்" என்று சொல்லுங்கள். கண்ணில் பழுது என்றால் தொடமாட்டா.

அத்தானுக்கு நெற்றியில் கட்டுகிற ரோச். ஜெட்டியடியில் போட் எஞ்சின் திருத்துகிறபோது ரோச்லைற்றை வாயில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்கிறார். நான் சுகம் கேட்க, ரோச்சைக் கவ்வியபடியே "ம்ம்" என்று பதில் சொல்ல, வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. இனி வாய் விட்டுக் கதைக்கலாம். அது உங்களுக்கு இலாபமா நட்டமா என்பது எனக்குத் தெரியாது.

பெரியவன் றியல் மட்றிட் சேர்ட் கேட்டான். மக்கெய்சர் மைதானத்தில் போட்டு விளையாட. அவனுக்கு ஊர் நிலவரம் தெரியாது. 2024 ஜூன் முதலாந் திகதி லண்டனில், இறுதிப் போட்டியில், எங்கள் டோட்முண்டை இரண்டு கோலால் அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அடுத்தநாள் இந்த ஊர் செத்தவீடு மாதிரிக் கிடந்தது. இங்கே நின்றுகொண்டு அந்தச் சேர்ட்டைக் கடையில் கேட்க எனக்கு என்ன விசரா? மஞ்சளும் கறுப்பும் வாங்கி அனுப்பலாம் என்று மனைவி சொன்னா. அனுப்பினால் அவன் வாங்கி, நன்றி மாமா என்று சொல்லி, அலுமாரிக்குள் வைப்பான். மணிக்கூட்டுக் கதைதான். ஆகவே கேட்டதையே இணையத்தில் எடுத்தேன். பார்சல் வந்த அன்று நான் வீட்டில் இல்லை, கீழ்வீட்டுக் கிழவி கையெழுத்து வைத்து வாங்கி வைத்திருந்தா. உறையில் என்ன எழுதியிருந்ததோ, அன்றிலிருந்து எனக்கு வணக்கம் சொல்வது குறைவு.

சின்னவளுக்கு வருகிற வருசம் முதலாம் வகுப்பு. விஜயதசமிக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலில் மடியில் வைத்து, அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கியது நேற்றுப்போல் இருக்கிறது. இங்கே முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தன் உயரத்தில் பாதி உயரமான கடதாசிக் கூம்பு ஒன்று கொடுப்பார்கள். உள்ளே இனிப்பு, பென்சில், விளையாட்டுச் சாமான். அழுகிற பிள்ளையும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழும். முழுக்கூம்பு பெட்டிக்குள் அடங்காது. மடித்து அனுப்பியிருக்கிறேன், விரித்தால் நிற்கும். உள்ளே போடுவதை அங்கேயே போடுங்கள்: கச்சான் அலுவா, எள்ளுருண்டை, அவளுக்குப் பிடித்த மணமுள்ள அழிறப்பர். படம் எடுக்கக் கோட்டைப் பக்கம் மட்டும் கொண்டுபோகவேண்டாம். அங்கே நிற்கிற மான்கள் பை கண்டால் விடாது. கூம்பையும் தின்னும்.

சம்பூர்ப் பெரியம்மாவின் பொதி தட்டையாக, அட்டைக்கு நடுவில் இருக்கிறது. மடிக்கவேண்டாம். 2006 சண்டையில் அவர்கள் ஓடியபோது ஒன்றும் எடுக்கவில்லை. காணி திரும்பிக் கிடைக்க 2015, 2016 ஆனது. வீட்டில் ஒரு படம் மிஞ்சவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பா. அவவின் கலியாணப் படத்தின் பிரதி ஒன்று எங்கள் சித்தப்பாவோடு எண்பதுகளிலேயே ஜேர்மனிக்கு வந்துவிட்டது எங்களுக்குத் தெரியாது. போன கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனபோது சித்தப்பா கதையோடு கதையாகச் சொன்னார். வாங்கிப் பெரிதாக அடித்து அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா மீசையோடு நிற்கிறார். மூதூர்ப் பக்கம் போகிற ஆரிடமும் கொடுத்துவிடாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணி படக்கூடாது.

ஆச்சிக்கு அதே சேவிங் கிரீம். முழங்காலுக்கு இரண்டு.

உங்களுக்கு ஒரு சோடிச் செருப்பு. அடியில் தக்கை வைத்தது, குதிக்கால் உளைவுக்கு நல்லது. அளவு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறீர்கள். நீங்கள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, சின்னவள் பழைய கலண்டர்த் தாளை உங்கள் காலில் அண்டவைத்து, பென்சிலால் சுற்றிக் கீறி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். கூச்சத்தில் நீங்கள் காலை இழுத்த இடத்தில் கோடு கோணி நிற்கிறது. அவளுக்குக் கூலி பேசியிருக்கிறேன், அது எங்கள் இருவருக்கும் இடையில். செருப்பை ஏன் தெரிந்தெடுத்தேன் தெரியுமா? ஒன்றை ஆச்சிக்கும் மற்றதைப் பெரியம்மாவுக்கும் கொடுக்க உங்களால் முடியாது. சோடியாகக் கொடுத்தாலும் அவர்கள் இரண்டு பேருக்கும் கால் சின்னன். விசாரித்துவிட்டேன்.

சித்திரை வருசத்துக்குக் கைவிசேடம் வழமைபோல் வங்கியில் போடுவேன். உங்கள் சுபநேரம் எங்கள் மணிக்கூட்டில் மூன்றரை மணித்தியாலம் முந்தி வருகிறது. போன வருசம் அலாம் வைத்து நடுச்சாமத்தில் எழும்பி, முகம் கழுவி, கிழக்கைப் பார்த்து இருந்து, ரெலிபோனில் பொத்தானை அமத்தினேன். வெற்றிலை மட்டும்தான் இல்லை.

கடைசியாக ஒரு காரியம். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயிர் அனுப்ப வழியில்லை, பால் சாமானும் இறைச்சியும் இந்த நாட்டுக்குள் தபாலில் வரமுடியாது. கருவாட்டுக்குத் தடையில்லை. அம்மாவின் மிளகாய்த்தூள்தான் வேண்டும், வறுத்து இடித்தது. ஆனால் போனமுறை அந்தப் பார்சலுக்குச் சுங்கக் கந்தோரில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரி ஒரு இளம் பெடியன், நல்ல மரியாதை. முன்னால் வைத்துத் திறக்கச் சொன்னான். திறந்தேன். இரண்டு தும்மல் தும்மிப்போட்டு, "அன்பளிப்பு என்றால் 45 யூரோவுக்குள் வரியில்லை, இதன் பெறுமதி என்ன?" என்று கேட்டான். நீங்கள் படிவத்தில் விலை எழுதும் இடத்தில் 'அம்மா இடிச்சது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் எப்படி யூரோவில் சொல்ல? ஆகவே அடுத்தமுறை ஒரு தொகை எழுதுங்கள். அம்மாவிடம் மட்டும் கேட்காதேயுங்கள். மிளகாய் காயவைத்தது, கொத்தமல்லி வறுத்தது, இடுப்பு நொந்தது எல்லாவற்றையும் கூட்டினால் அவ 45க்குள் நிற்கமாட்டா.

இப்படிக்கு,
அன்புள்ள தம்பி.